வெள்ளி இரவு வெளிக்கிட்டு கெவெலார் மாதாவிடம்: லண்டனில் இருந்து ஒரு வார இறுதி

கடற்கரைத்தெரு எழுதியது:

கெவெலார் யாத்திரை என்றால் மாதக்கணக்கில் ஆயத்தம் வேண்டும், பஸ்ஸில் முற்கூட்டியே இடம் எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தே இங்கிலாந்தில் இருக்கிற பலர் வருடா வருடம் பின்போடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த இழை. கடவுச்சீட்டு சரியாக இருந்து, ஒரு காரும் மாறி மாறி ஓட இன்னொரு ஆளும் இருந்தால், வியாழன் இரவு யோசித்து வெள்ளி இரவு வெளிக்கிடலாம். இந்த ஆகஸ்டில் நானும் என் சிநேகிதியும் அப்படித்தான் போய் வந்தோம்.

தெரியாதவர்களுக்கு: கெவெலார் ஜேர்மனியின் வடமேற்கில், நெதர்லாந்து எல்லைக்குக் கிட்ட இருக்கிற சின்ன ஊர். அங்கே குடியிருப்பவர்கள் இருபத்தெட்டாயிரம் பேர் அளவில்தான். ஆனால் மாதாவிடம் வருகிறவர்கள் வருடத்துக்குப் பல இலட்சம். வழக்கமாக ஆகஸ்ட் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை தமிழருடைய நாள். ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நெதர்லாந்து, டென்மார்க், இங்கிலாந்து என்று எல்லாப் பக்கத்தாலும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவார்கள். தமிழில் பூசை, தமிழில் செபமாலை, மாதா சுருவத்தோடு (சிலையோடு) பவனி.

என் சிநேகிதி சைவம், யாழ்ப்பாணத்து இணுவில் பிள்ளை. வியாழன் இரவு பத்து மணிக்கு மேல் போன் எடுத்தாள். "இந்தச் சனி கெவெலாராம், அம்மா சொன்னவ. போவமா?" அவ்வளவுதான். நான் பாசையூர் அந்தோனியார் கோயில் வளவில் வளர்ந்தவள், இவ்வளவு காலமும் எனக்கு அந்த யோசனை வரவில்லை. அவளுக்கு வந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முதலில் கடவுச்சீட்டு. பிரித்தானியக் கடவுச்சீட்டு என்றால் விசா தேவையில்லை. ஆனால் அது வழங்கிய திகதியிலிருந்து பத்து ஆண்டு தாண்டியிருக்கக்கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்த இரண்டையும் வியாழன் இரவே பாருங்கள். முடிவுத் திகதியை மட்டும் பார்த்துவிட்டுப் போய் எல்லையில் திரும்பினவர்கள் இருக்கிறார்கள். 2025 ஒக்டோபரில் ஐரோப்பிய எல்லைகளில் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவினால் கைரேகை, படம் எடுக்கிற வேலையும் சேர்ந்திருக்கிறது, அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாப்பாடு. நம்மவர்கள் கவனிக்காத விடயம் இது. பிரித்தானியாவில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாற்பொருட்களும் கொண்டுபோகக்கூடாது. ஆட்டிறைச்சி ரோல்ஸ் கட்டிக்கொண்டு போக முடியாது. திரும்பும்போதும் அப்படித்தான், 2025 ஏப்ரலில் இருந்து பிரித்தானியாவும் அங்கிருந்து இவற்றைக் கொண்டுவர விடுவதில்லை. எங்களுக்கு அது சிக்கலாக இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் மச்சம் (மீன், இறைச்சி) தொடமாட்டாள். இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும், பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்ரீயும்.

வேலை முடிந்து வந்து, குளித்து, ஒன்பது மணிக்குக் காரை எடுத்தோம். போக்ஸ்ரனில் சுரங்க ரயில், கடலுக்கு அடியால் முப்பத்தைந்து நிமிடம். கப்பல் என்றால் டோவரில் இருந்து ஒன்றரை மணித்தியாலம், காசு குறைவாக இருக்கும். கலேயில் இருந்து டன்கேர்க், அன்ட்வேர்ப், ஐந்தோவன், வென்லோ, பிறகு எல்லை. நானூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இரவில் தெரு வெறுமை, நான்கு நாட்டையும் நித்திரைக்குள்ளேயே கடந்துவிடலாம். ஒருவர் ஓட மற்றவர் படுக்க வேண்டும், கதைத்துக்கொண்டே போகலாம் என்று இரண்டு பேரும் விழித்திருக்காதீர்கள். எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேற்சட்டை, முன்விளக்குக்கு ஒட்டுகிற தாள், காரின் பின்னால் நாட்டு அடையாளம், இவை நான்கும் காரில் இருக்கட்டும். அன்ட்வேர்ப் நகருக்குள் இறங்க வேண்டாம், அங்கே மாசுக் கட்டுப்பாட்டு வலயம், வெளிநாட்டுக் கார்களை முன்கூட்டியே பதிய வேண்டும். சுற்றுவட்ட வீதியால் நேரே போய்விடுங்கள்.

விடிய ஆறு மணி தாண்டி ஊருக்குள் போனால், தரிப்பிடத்தில் எங்களுக்கு முன்னமே டென்மார்க் இலக்கத் தகட்டோடு வான்கள். ஒரு அம்மா பின்கதவைத் திறந்துவைத்து, பிள்ளைக்குத் தலை வாரி இழுத்துக்கொண்டிருந்தார். பூச்சரத்தை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

சென்னைவாசி எழுதியது:

அக்கா, ஆச்சரியமாக இருக்கிறது. நாங்கள் வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு போவோம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. நாங்கள் இந்துக்கள்தான், அதனால் உங்கள் தோழி போனதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் எப்படி தமிழர்களின் யாத்திரைத் தலமாக ஆனது? அங்கே இருப்பது எந்த மாதா? கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

கடற்கரைத்தெரு எழுதியது:

தம்பி, கேட்டதற்கு நன்றி. நானும் போவதற்கு முன்னும் பின்னும் தேடி வாசித்ததைச் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் நடந்த காலம். 1641 மார்கழியில் ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற சிறு வியாபாரி இந்த இடத்தில் வீதியோரச் சிலுவை ஒன்றின் அருகே செபித்தபோது, இங்கே எனக்கு ஒரு சிற்றாலயம் கட்டு என்று ஒரு குரல் கேட்டதாம். பிறகும் இரு தடவை அதே குரல். அவருடைய மனைவி ஒரு இரவு வெளிச்சத்தின் நடுவில் ஒரு படத்தைக் கண்டார். அதே மாதிரியான படத்தை அதற்குச் சற்று முன் போர்வீரர்கள் அவரிடம் விற்கப் பார்த்திருந்தார்கள். அந்தப் படத்தைத் தேடி எடுத்து 1642 ஜூன் 1 அன்று அங்கே வைத்தார்கள். இப்போது இருக்கிற அறுகோணச் சிற்றாலயம் 1654 இல் அதைச் சுற்றிக் கட்டியது.

படம் என்றால் பெரிய ஓவியம் என்று நினைக்காதீர்கள். லக்சம்பேர்க் மாதாவின் உருவத்தைச் செப்புத் தகட்டில் வெட்டி அச்சடித்த கடதாசிப் படம். பதினொரு சென்றிமீற்றர் உயரம், ஏழரை அகலம், உள்ளங்கைக்குள் அடங்கும். துயருறுவோரைத் தேற்றும் மாதா என்பது பெயர். தங்கமும் கல்லும் பதித்த பெரிய சட்டத்தின் நடுவில் அது இருக்கிறது. உள்ளே போகாமலே, வெளியில் வரிசையில் நின்று ஒரு திறப்பு வழியாகப் பார்க்கலாம்.

இன்னொன்றை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த நூற்றாண்டில் ஒல்லாந்தில், அதாவது இன்றைய நெதர்லாந்தில், கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபட முடியாது. கெவெலார் அப்போது ஸ்பெயினின் ஆளுகையில் இருந்தது. அதனால் ஒல்லாந்துக் கத்தோலிக்கர் எல்லையைத் தாண்டி இங்கே வந்தார்கள். அதே காலத்தில், இலங்கையில் அதே ஒல்லாந்தர் ஆட்சிக்குப் பயந்து, மன்னார் மாந்தையில் இருந்த நம் சனங்கள் 1670 இல் மாதா சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். அந்தச் சுருவம்தான் மன்னார் மடுக் கோயிலில் இருக்கிற மடு மாதா. இரண்டு கோயிலும் ஒரே காலத்து ஒரே துன்பத்தில் வளர்ந்தவை. கெவெலாரில் நம் சனம் கூடுவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி என் சிநேகிதி. 1995 இல் போரினால் நடந்த இடப்பெயர்வில் அவர்கள் குடும்பம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வன்னிக்குப் போய், கடைசியில் மடுக் கோயில் வளவில் கொட்டில் போட்டு இருந்தது. அவளுக்கு அப்போது சின்ன வயது. காய்ச்சல் வந்து படுத்த இரவில், இந்தப் பிள்ளை பிழைத்தால் உன் கோயிலுக்குக் கூட்டி வருவேன் என்று அம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். பிறகு வவுனியா, கொழும்பு, லண்டன். மடுவுக்குத் திரும்பிப் போக வாய்க்கவில்லை. இப்போது அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. அதனால்தான் "அம்மா சொன்னவ" என்று அவள் போன் எடுத்தாள். மடு மாதாவுக்கு வைத்த நேர்த்தியைக் கெவெலாரில் தீர்க்கலாமா என்று என்னிடம் கேட்டாள். தீர்க்கலாம் என்று சொன்னேன். அங்கே நின்ற குருவானவரிடமும் கேட்டோம், அவரும் அதையே சொன்னார்.

நீர்ஸ்கரை எழுதியது:

பிள்ளை, நான் இந்தப் பக்கத்தில் 1985 இல் இருந்து இருக்கிறேன். தமிழ் யாத்திரை எண்பதுகளின் கடைசியில் தொடங்கியது. 1987 மே மாதம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கெவெலாருக்கு வந்திருந்தார், அந்தக் காலம்தான். ஆரம்பத்தில் சில நூறு பேர்.

நீங்கள் வியாழன் இரவு யோசித்து வெள்ளி இரவு வெளிக்கிட்டதை வாசித்தபோது ஒன்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. 83 கலவரத்துக்குப் பிறகு வந்த எங்களில் கனபேர் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்கு வந்து அகதி அந்தஸ்து கேட்டவர்கள். அகதி வழக்கு முடியும்வரை எங்களைப் பதிந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அப்போதைய சட்டம். பக்கத்து மாவட்டத்தில் இருக்கிற தம்பியைப் பார்க்கவும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டியிருந்தது. கெவெலாருக்கு வருவதற்கும் அப்படித்தான். கோயில் யாத்திரை என்று எழுதிக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

அதனால் எங்களில் சிலருக்கு அந்த ஒரு சனிக்கிழமைதான் வருடத்தில் சொந்தக்காரரைக் காண்கிற நாள். கத்தோலிக்கரோ சைவமோ என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஊரில் யார் இருக்கிறார்கள், யார் செத்துப் போனார்கள் என்ற செய்தியும் அங்கேதான் கைமாறும். பூசை முடிந்ததும் மரத்துக்குக் கீழே பெட்சீற்றை விரித்து இருந்து கடிதங்களை வாசிப்போம். ஒருவருக்கு வந்த கடிதத்தை அந்த ஊர்க்காரர் எல்லோரும் சுற்றி இருந்து கேட்பார்கள். இப்போது கூட்டத்தில் நிற்கிற இளம்பிள்ளைகளுக்கு இது தெரியாது, தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வெண்பனி எழுதியது:

மன்னிக்கவும், எனக்கு வேறு அபிப்பிராயம். நான் சிறுவயதில் இருந்து கெவெலார் போகிறவள், அதை நேசிக்கிறவள். அதனால்தான் சொல்கிறேன். வரவர அது சந்தையாக மாறிக்கொண்டு வருகிறது. பூசை நடக்கும்போதே ஒரு பக்கம் கொத்துரொட்டி அடிக்கிற சத்தம். மாதா சிற்றாலயத்தின் முன்னால் வரிசையில் நிற்கிறவர்களை இடித்துக்கொண்டு சேலையோடு படம் எடுக்கிறார்கள். ஜேர்மன் யாத்திரிகர்கள் அமைதியாகச் செபிக்கிற இடம் அது. நினைத்தவுடன் வெளிக்கிட்டுப் போகலாம் என்று எழுதினால், சுற்றுலா போல வருகிறவர்கள் இன்னும் கூடுவார்கள். யாத்திரைக்கு மனத்தாலும் ஆயத்தம் வேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்து, ஒரு சந்தி (உபவாசம்) இருந்து போன காலம் ஒன்று இருந்தது.

கடற்கரைத்தெரு எழுதியது:

வெண்பனி, நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். பூசை நேரத்தில் கொத்து அடிப்பது பிழை. அந்த ஒரு மணித்தியாலம் அடுப்பை அணைத்து வைக்கலாம், ஒருவரும் பட்டினியால் சாகமாட்டார்கள்.

மற்றப் பாதியை ஏற்க முடியவில்லை. திடீரென்று வெளிக்கிட்டவருக்கு மன ஆயத்தம் இல்லை என்று எப்படிச் சொல்வது? என் சிநேகிதியின் ஆயத்தம் 1995 இல் தொடங்கியது. வெள்ளி இரவு அவள் காரில் ஏறினது அதன் கடைசித் துண்டு. அங்கே வருகிற பலருக்கு அப்படித்தான் இருக்கும்.

வரிசையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்களுக்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. கைப்பையில் இருந்து ஒரு சிறு படத்தை எடுத்தார். அடையாள அட்டைக்கு எடுக்கிற அளவில் கறுப்பு வெள்ளைப் படம், பிளாஸ்டிக் உறை பழுத்து மஞ்சளாகியிருந்தது. இருபது வயதுப் பெடியன், வாராத தலை. தன் முறை வந்தபோது அவர் செபம் எதுவும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெடியனின் முகம் மாதாவின் படத்தைப் பார்க்கிற மாதிரித் திருப்பி, எட்டி உயர்த்திப் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பின்னால் நீண்ட வரிசை, ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து உறைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்தார். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. என் சிநேகிதி அவருடைய கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய் இருத்தினாள். "எங்கட பிள்ளை, 2009" என்று மட்டும் சொன்னார். நாங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை.

அதே அம்மா பிறகு எங்களோடு இருந்து கொத்துரொட்டி சாப்பிட்டார், எந்த ஊர், ஆரின் பிள்ளை என்று எங்களை விசாரித்தார், சிரித்தார். அந்த இரண்டையும் வேறு வேறாகப் பிரித்து, செபித்தது யாத்திரை, சாப்பிட்டது சந்தை என்று என்னால் சொல்ல முடியாது. மடுத் திருவிழாவுக்கு நம் அப்பாச்சிமார் எப்படிப் போனார்கள்? மாட்டுவண்டிலில் அரிசி பருப்போடு போய், காட்டுக்குள் கொட்டில் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு, சொந்தங்களோடு நாட்கணக்கில் தங்கித்தானே வந்தார்கள். ஆடி, ஆவணித் திருவிழா என்றால் கலியாணப் பேச்சும் அங்கேதான் நடந்தது. நீர்ஸ்கரை அண்ணை எழுதினதையும் திரும்ப வாசியுங்கள், கடிதம் வாசித்ததும் யாத்திரைதான்.

எங்களுக்கும் ஒன்று நடந்தது. மெழுகுதிரி ஏற்றுகிற இடத்தில் யாரோ என் சிநேகிதியை வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். லண்டனில் அந்தப் பெயர் அவள் அம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. மடுவில் பக்கத்துக் கொட்டிலில் இருந்த அக்கா. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தொடர்பில்லை. இப்போது கிரேபெல்டில் இருக்கிறாராம். அன்றிரவு எங்களைத் தங்குவதற்கு விடுதி தேட விடவில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போனார். அம்மாவுக்குப் போன் எடுத்துக் கொடுத்தபோது மூன்று பேரும் அழுதார்கள்.

வடதுருவம் எழுதியது:

நாங்கள் டென்மார்க் ஹேர்னிங்கில் இருந்து வருகிற ஆட்கள். எழுநூறு கிலோமீற்றருக்கு மேல், இரவு முழுக்க ஓட்டம். நீங்கள் தரிப்பிடத்தில் கண்டது எங்களுக்குத் தெரிந்தவர்களாகத்தான் இருக்கும்.

வெண்பனி அக்கா சொன்ன அமைதி தேவைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி: காலமையே போங்கள். எட்டு மணிக்கு முன் சிற்றாலயத்தின் முன்னால் பத்துப் பேர் கூட இருக்காது. பக்கத்தில் மெழுகுதிரிக் கோயில் என்று ஒன்று, 1640களில் கட்டியது. சுவர் முழுக்கப் பழைய யாத்திரைக் குழுக்கள் கொண்டுவந்த பெரிய மெழுகுதிரிகளும் சின்னப் பலகைகளும். அதையும், பெரிய பசிலிக்காவையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பசிலிக்காவின் உட்சுவரில் நிறம் தீட்டாத இடமே இல்லை, கழுத்து நோகும்வரை பார்க்கலாம். மத்தியானத்துக்குப் பிறகு கூட்டத்தோடு கூட்டமாக நிற்கலாம், அதற்கும் ஒரு சுகம் இருக்கிறது.

லாச்சப்பல் எழுதியது:

பரிசில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் பிரெஞ்சு வதிவிட அட்டை இருக்கிறது, கடவுச்சீட்டு இலங்கையுடையது. தங்கச்சி லண்டனில், அவளுடையதும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான், பிரித்தானிய வதிவுரிமை இருக்கிறது. அடுத்த வருடம் இரண்டு பேரும் அங்கே சந்திக்கலாமா?

கடற்கரைத்தெரு எழுதியது:

உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஷெங்கன் நாட்டு (தங்களுக்குள் பொதுவான விசா வைத்திருக்கிற ஐரோப்பிய நாடுகளில் ஒன்றின்) வதிவிட அட்டையும் கடவுச்சீட்டும் செல்லுபடியாக இருந்தால் விசா இல்லாமல் வரலாம். தங்கச்சிக்கு ஷெங்கன் விசா கட்டாயம், பிரித்தானிய வதிவுரிமை அதற்கு ஈடாகாது. ஆகவே அவவுக்கு மட்டும் வியாழன், வெள்ளிக் கதை சரிவராது. சித்திரை, வைகாசியிலேயே விசாவுக்குப் போடச் சொல்லுங்கள், கோடையில் நேர ஒதுக்கீடு கிடைப்பது கடினம். அதிக நாள் தங்குவது ஜேர்மனியில் என்றால் ஜேர்மன் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

வெண்பனி எழுதியது:

கடற்கரைத்தெரு, அந்த அம்மாவைப் பற்றி வாசித்துவிட்டு நெடுநேரம் பதில் எழுதவில்லை. சரி, ஆயத்தம் என்பதை நான் குறுக்கிச் சொல்லிவிட்டேன். ஆனால் பூசை நேரத்தில் கடை மூடுவதை நான் விடப்போவதில்லை. எங்கள் பங்குக் கோயிலில் இருந்து, யாத்திரையை ஒழுங்கு செய்கிற தமிழ் ஆன்மீகப் பணியகத்துக்குக் கடிதம் எழுதுகிறோம். உங்கள் பெயரையும் சேர்க்கலாமா?

கடற்கரைத்தெரு எழுதியது:

கட்டாயம் சேருங்கள். சிநேகிதியின் பெயரையும் சேருங்கள், அவளிடம் கேட்டுவிட்டேன். சைவப் பெயர் ஒன்று அந்தக் கடிதத்தில் இருப்பது நல்லது.

இன்னொரு கேள்வி, நீர்ஸ்கரை அண்ணைக்கு. அடுத்த ஆகஸ்டில் சிநேகிதியின் அம்மாவையும் கொண்டுவர நினைக்கிறோம். முழங்கால் ஏலாது, சக்கர நாற்காலி வேண்டும். சிற்றாலயம்வரை தள்ளிக்கொண்டு போகலாமா?

நீர்ஸ்கரை எழுதியது:

தாராளமாக. சதுக்கம் மேடு பள்ளம் இல்லாத இடம், சில பக்கம் கல் பதித்திருப்பதால் கொஞ்சம் குலுங்கும். மாதாவின் படத்தை வெளியில் நின்றே பார்க்கலாம் என்பதால் படி ஏறத் தேவையில்லை. நோயாளிகளை வரிசையில் முன்னுக்கு விடுவார்கள்.

காரில் அவ்வளவு நேரம் இருக்க அவவுக்கு ஏலாவிட்டால், டுசல்டோர்ப் விமான நிலையத்துக்கு வரட்டும். நகரப் பிரதான நிலையத்தில் கிளேவே போகிற வட்டார ரயில், ஒரு மணித்தியாலம் அளவில் கெவெலார். நிலையத்தில் இருந்து சிற்றாலயத்துக்குப் பத்து நிமிட நடை. இல்லை என்றால் நான் காரோடு வந்து ஏற்றுகிறேன். சக்கர நாற்காலி விமானத்தில் கொண்டுவரத் தேவையில்லை, எங்கள் பங்கில் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமையே வந்து ஒரு இரவு எங்கள் வீட்டில் ஆறித் தங்கட்டும், மனிசியும் மடுவில் இருந்தவதான்.